அத்தியாயம் 6: ஷிப்டுக்குப் போகும் அப்பா

குடும்ப ஜெபம் பற்றி நம் சபைகளில் விற்கும் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். மாலை ஏழு மணி, விரித்த பாய், நடுவில் வேதாகமத்தோடு அப்பா, சுற்றிலும் பிள்ளைகள். அப்பா அந்நேரம் வீட்டில் இருப்பார் என்பதில் அந்தப் புத்தகங்களுக்குச் சந்தேகமே கிடையாது. தளியில் ஏழு மணிக்கு அப்பா எங்கே? செகண்ட் ஷிப்ட் என்றால் ஓசூர் சிப்காட்டில் மெஷின் முன்னால் நிற்கிறார். நைட் ஷிப்ட் என்றால் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். எல்லையைத் தாண்டி ஜிகணிக்கோ ஆனேக்கல்லுக்கோ போகிறவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. கம்பெனி வேலையே வேண்டாம் என்று நிலத்தோடு இருக்கும் விவசாயிக்கும் விடுதலை இல்லை. ராகி முற்றும் மாதங்களில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கினால் இரவெல்லாம் பரண்மேல் காவல்.

1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும், அதன்பின் டைட்டனும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. அண்மை ஆண்டுகளில் டாடா எலக்ட்ரானிக்ஸும் வந்துவிட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இந்த வட்டாரத்து வீடுகளின் கடிகாரத்தைக் கம்பெனிதான் திருப்புகிறது. சபையின் கடிகாரம் மட்டும் பழைய நேரத்திலேயே ஓடுகிறது. அதனால் நல்ல தகப்பனாக இருக்க ஆசைப்படும் பலர், தம்மால் முடியாத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, குற்ற உணர்வோடு நடமாடுகிறார்கள். குற்ற உணர்வு பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவாது. வழி என்ன என்று பார்ப்போம்.

மோசே சொன்ன நான்கு வேளைகள்

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க வாசகர்களுக்கு அது இணைச்சட்டம். ஆண்டவருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லும் மோசே, அதற்கு ஒரு மணி நேரத்தைக் குறித்துக் கொடுக்கவில்லை. வீட்டில் உட்காரும் வேளை, வழியில் நடக்கும் வேளை, படுக்கும் வேளை, எழும் வேளை என்று நான்கைச் சொல்கிறார். வனாந்தரத்தில் கூடாரத்தோடு அலைந்த மக்களுக்குச் சொன்னது அது. ஷிப்ட் மாறும் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்பது என் எண்ணம். எந்த ஷிப்டிலும் இந்த நான்கில் ஒன்றாவது உங்கள் கையில் மிஞ்சும். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதல் ஷிப்ட் வாரத்தில் தளியிலிருந்து விடியுமுன் கிளம்பவேண்டும். எழும் வேளையும் நடக்கும் வேளையும் போயிற்று. ஆனால் மாலை நான்கு, நாலரைக்குள் வீடு திரும்பலாம். அந்த வாரம் உட்காரும் வேளை உங்களுடையது. வந்ததும் முதல் அரைமணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். டீக்கடைக்கும் போனுக்கும் அதற்குப் பிறகு போகலாம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்த சூட்டோடு சொல்வதுதான் உண்மையான செய்தி. இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்பதோடு முடிந்துவிடும்.

செகண்ட் ஷிப்ட்தான் கொடுமையானது. பிள்ளை பள்ளி விட்டு வருமுன் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். நீங்கள் வந்து சேரும் நள்ளிரவில் பிள்ளை தூங்கிவிடுகிறது. ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஆறு நாள் முகம் பார்க்காமல் போய்விடும். இந்த வாரத்தில் உங்களுக்கு மிஞ்சுவது எழும் வேளையும் நடக்கும் வேளையும். தூக்கம் போதாது, தெரியும். ஆனாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அந்த ஒரு மணி நேரம் எழுந்திருங்கள். பஸ் நிறுத்தம் வரை, பள்ளி வாசல் வரை கூடவே நடங்கள். அனுப்பிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்ளலாம். தளியின் மார்கழிக் காலையில், பனி மூட்டத்தில், கைகோத்து நடந்துகொண்டே ஒரு சங்கீதத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு வாரத்துக்கு ஒரு சங்கீதம் போதும். உட்கார்ந்திருக்கும்போது பேசாததையெல்லாம் பிள்ளைகள் நடக்கும்போது பேசுவார்கள். எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. பக்கத்தில் நடப்பவரிடம் சொல்வது சுலபம்.

நைட் ஷிப்டின் சிக்கல் வேறு. அப்பா பகலில் தூங்குகிறார். "சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு" என்று அம்மா நாளெல்லாம் சொல்கிறார். அம்மா சொல்வது நியாயந்தான். ஆனால் விடுமுறை நாளில் அதையே பத்து முறை கேட்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு, அப்பா என்றால் எழுப்பக்கூடாத ஒருவர் என்று பதிந்துபோகிறது. இதற்கு மாற்று ஒன்று இருக்கிறது. உங்களை எழுப்பும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவை எழுப்புவது அதன் வேலை. எழுப்பியதும் எரிந்து விழாமல் இருப்பது உங்கள் வேலை. இரவு கிளம்புமுன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, அல்லது தலையில் கைவைத்து, பெயர் சொல்லி ஜெபித்துவிட்டுப் போங்கள். ஒரு நிமிடம் ஆகும். அதுதான் உங்கள் படுக்கும் வேளை. பரண் காவலுக்குப் போகும் விவசாயிக்கும் இதுவே.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். நம் வட்டாரத்தில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ படித்து, ஆலயத்தில் தமிழில் பாடுகிற பிள்ளைகள் ஏராளம். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ, எந்த மொழியில் கனவில் உளறுகிறதோ, அந்த மொழியில் ஜெபியுங்கள். ஆலய மொழிக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

பிள்ளை பார்க்காத வேலை

உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ரோஜாத் தோட்டக்காரர் மகனைக் கேளுங்கள். விடியற்காலையில் தாஜ்மஹால் ரோஜாவை எந்தப் பதத்தில் வெட்டவேண்டும், எத்தனை பூவை ஒரு கட்டாகக் கட்டவேண்டும், பிப்ரவரி மாதம் பிறந்தால் வீட்டில் ஏன் யாருக்கும் தூக்கமில்லை என்று விளக்கிவிடுவான். கம்பெனித் தொழிலாளியின் மகன் "கம்பெனிக்குப் போறாரு" என்பான். அவ்வளவுதான். பதினைந்து ஆண்டுகளாக அப்பா தினமும் எட்டு மணி நேரம் நின்று செய்யும் வேலை அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இயேசுவைத் தச்சனின் மகன் என்று மத்தேயு 13-இல் ஊரார் அடையாளம் சொல்கிறார்கள். மாற்கு 6-இல் அவரையே தச்சன் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே யோசேப்பின் பட்டறையில் கழிந்த ஆண்டுகள் இருக்கின்றன. நான்கு நற்செய்திகளிலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. ஆனால் அவர் தொழில் மகனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை மே 1-ஆம் தேதியைத் தொழிலாளரான யோசேப்பின் திருநாளாக அறிவித்தபோது, உலகத் தொழிலாளர் தினத்துக்கும் ஒரு தகப்பனின் பட்டறைக்கும் முடிச்சுப் போட்டார். ஓசூர் போன்ற ஊரில் அந்தத் திருநாளை அப்பாக்களின் நாளாகவே கொண்டாடலாம்.

உங்கள் வேலையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உங்கள் கைவழியாகப் போகும் பாகம் வண்டியில் எங்கே உட்காருகிறது என்று தெருவில் நிற்கும் பைக்கைக் காட்டி விளக்குங்கள். அளவு ஒரு நூலிழை தப்பினால் என்ன ஆகும், தப்பியதை மறைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். நேர்மையைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் கேட்பதைவிட, அப்பா ஒரு தவறான பாகத்தைத் தனியே எடுத்து வைத்து சூப்பர்வைசரிடம் சொன்ன கதை பிள்ளை மனதில் நிற்கும். காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருப்பதைச் சொல்லவும் கூச்சப்படவேண்டாம். சில கம்பெனிகள் ஆயுத பூஜை நாளில் குடும்பத்தை உள்ளே வர விடுகின்றன. பூஜையில் கலந்துகொள்வதா என்பதை உங்கள் மனசாட்சி தீர்மானிக்கட்டும். ஆனால் அப்பாவின் மெஷினைப் பிள்ளை தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை, அந்தத் தயக்கத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

கோபமும் மௌனமும்

எபேசியர் 6:4, கொலோசெயர் 3:21 ஆகிய இரண்டு இடங்களில் பவுல் வீட்டுக்குள் பெற்றோருக்கு எச்சரிக்கை தருகிறார். இரண்டிலும் பெயர் சொல்லி அழைப்பது தகப்பன்மாரை. பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள் என்கிறார். கொலோசெயரில் காரணமும் சொல்கிறார்: அவர்கள் மனந்தளர்ந்து போவார்கள். பிள்ளை அடங்காமல் போகும் என்று பயமுறுத்தியிருக்கலாம், பெயர் கெடும் என்று சொல்லியிருக்கலாம். அவர் கவலைப்படுவது பிள்ளையின் மனம் உடைவதைப் பற்றி.

இதைச் சொன்னால் உடனே பிரம்பைப் பற்றிய நீதிமொழியை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நீதிமொழிகள் 13-ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களைப் புரட்டுங்கள். ஒரு தகப்பன் மகனைத் திரும்பத் திரும்ப மகனே என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார். கெட்ட சகவாசம், பணம், பெண்கள், கடனுக்கு ஜாமீன் போடுவது, சோம்பல் என்று எல்லாவற்றையும் பேசுகிறார். ஒன்பது அதிகாரம் பேசிய தகப்பனின் புத்தகத்தில் ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றுகிறவர், அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்றே சொல்வேன். பள்ளிகளில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே தடை செய்துவிட்டது. பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சிறைக்குப் போகும் குற்றம். சட்டம் சொல்கிறது என்பதற்காகக் கையை அடக்கும் நிலைக்கு விசுவாசி வரக்கூடாது.

ஷிப்ட் முடிந்து வரும்போது கோபம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். லைனில் டார்கெட் முடியவில்லை, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் பேசினார், சம்பளத்தில் பிடித்தம். அங்கே திருப்பிச் சொல்ல முடியாததெல்லாம் வீட்டுக்கு வந்து, சிந்திய தண்ணீருக்காகப் பிள்ளை முதுகில் இறங்குகிறது. வீட்டுக்குள் நுழையுமுன் முகம் கழுவுங்கள், ஐந்து நிமிடம் திண்ணையில் உட்காருங்கள், ஒரு ஜெபம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அப்படியும் அநியாயமாக அடித்துவிட்டால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனா நீயும் அப்படிப் பண்ணக்கூடாதுல்ல" என்ற ஒட்டு வேண்டாம். தப்பு என்னுடையது என்று சொல்லி நிறுத்துங்கள். இதனால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், மன்னிப்பே கேட்காத தம் அப்பாவின்மேல் தமக்கு எவ்வளவு மரியாதை மிஞ்சியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

கோபத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை நாம் அன்பு என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம். தாவீதின் வீட்டுக் கதையை 2 சாமுவேல் 13-லிருந்து 18 வரை ஒரே மூச்சில் படியுங்கள். மூத்த மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தபோது தாவீதுக்குக் கடுங்கோபம் வந்தது. அதற்குமேல் அவர் எதுவும் செய்யவில்லை. தாமாருக்கு நியாயமும் கிடைக்கவில்லை. தாமாரின் அண்ணன் அப்சலோம் இரண்டு ஆண்டு பொறுத்திருந்து அம்னோனைக் கொன்றான், மூன்று ஆண்டு வெளியூரில் ஒளிந்திருந்தான். பிறகு எருசலேமுக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆனால் இன்னும் இரண்டு ஆண்டுக்கு அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்க்க வழி கிடைக்காமல், படைத்தலைவன் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைக்கச் சொன்னான் அப்சலோம். நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட தீ எரிகிறது. பள்ளியில் சண்டை, பைக்கில் அசுர வேகம், கையை அறுத்துக்கொள்வது. அப்பா ஒருமுறை திரும்பிப் பார்ப்பாரா என்பதற்காக வைக்கும் தீ. "அவன்கிட்ட நான் பேசறதில்ல" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்களே, அதிலே பெருமைப்பட ஒன்றும் கிடையாது. எவ்வளவு பெரிய தப்பானாலும் கண்டியுங்கள், தண்டனையும் கொடுங்கள், பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். அப்சலோம் செத்த பிறகு தாவீது அழுத அழுகை ஊரெல்லாம் கேட்டது. கேட்கவேண்டியவன் உயிரோடு இல்லை.

வில்லியம் கேரியும் வார்டும்

இந்தியாவுக்கு வந்த மிஷனரிகளில் வில்லியம் கேரியின் பெயர் தெரியாத சபை இல்லை. 1793-இல் மனைவி டாரதியோடும் நான்கு ஆண்பிள்ளைகளோடும் வங்காளம் வந்து இறங்கினார். முத்னாபட்டியில் ஒரு நீலச்சாயத் தொழிற்சாலையை மேற்பார்வை பார்த்துப் பிழைத்தார். பகலில் தொழிற்சாலை, மிஞ்சிய நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு. 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதிக்கு மனநிலை குலைந்தது. 1807-இல் இறக்கும்வரை அவர் தேறவே இல்லை. மூத்தவன் ஃபீலிக்சும் தம்பிகளும் கேட்பாரற்று, யாருக்கும் அடங்காதவர்களாக வளர்ந்தார்கள் என்பது சக ஊழியர்களின் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. கேரிக்குப் பிள்ளைகளின் குறை தெரிந்தே இருந்தது. கண்டிக்கும் மனத்திடம்தான் இல்லை.

ஃபீலிக்சைத் திருப்பியவர் அப்பா அல்ல. 1799-இல் செராம்பூர் வந்த வில்லியம் வார்டு என்ற அச்சுத்தொழில் அறிந்த இளைஞர். அவர் பையனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார், அச்சகத்தில் வேலை கற்றுக்கொடுத்தார், உட்கார்ந்து பேசினார். 1800 டிசம்பரில், அந்த மிஷனின் முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்ற அதே நாளில், ஃபீலிக்சும் பெற்றான். கதை அங்கே சுபமாக முடியவில்லை. ஃபீலிக்ஸ் பின்னாளில் பர்மாவில் ஊழியம் செய்து, பிறகு அதை விட்டு அரசனின் தூதுவர் பதவிக்குப் போனார். 1814-இல் மனைவியையும் பிள்ளைகளையும் ஐராவதி ஆற்றில் பறிகொடுத்து நிலைகுலைந்து அலைந்தார். அப்போதும் அவரைச் செராம்பூருக்குத் திரும்ப அழைத்து வந்தது வார்டுதான்.

இந்தக் கதையை நம் பிரசங்க மேடைகளில் பாதிதான் சொல்கிறார்கள். கேரியின் மொழிபெயர்ப்புகளை எண்ணிச் சொல்வார்கள், பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். முழுக்கதையும் தெரிந்தால் இரண்டு காரியம் விளங்கும். ஊழியம் என்ற பெயரில் வீட்டை விட்டு விலகியிருப்பதும், ஓ.டி. என்ற பெயரில் விலகியிருப்பதும் பிள்ளையின் பார்வைக்கு ஒன்றுதான். மூன்று கிராமத்துக்கு ஜெபக்கூட்டம் நடத்திவிட்டு நள்ளிரவில் வீடு வரும் போதகர்கள் இதை யோசிக்கவேண்டும். தன் வீட்டை நடத்தத் தெரியாதவர் சபையை எப்படி நடத்துவார் என்று 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் கேட்கிற கேள்வி அவர்களுக்குத்தான்.

இரண்டாவது, ஒரு அப்பாவால் முடியாதபோது இன்னொரு ஆண் வந்து நிற்க இடமிருக்கிறது. அப்பா இறந்துபோன வீடு, அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடு, அப்பா குடியில் விழுந்த வீடு நம் சபைகளில் எத்தனை! பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், ஞானத்தகப்பன் என்று உறவுகளுக்குப் பஞ்சமில்லை. ஞானஸ்நான நாளில் மோதிரம் போட்டு போட்டோவுக்கு நின்றதோடு ஞானத்தகப்பன் வேலை முடிந்துவிடவில்லை. மாதம் ஒருநாள் அந்தப் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு வேலைக்குப் போய் வாருங்கள். வார்டு செய்தது அவ்வளவுதான்.

மகளுக்கு

யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், யோபுவுக்குப் பின்னாளில் பிறந்த ஏழு மகன்களின் பெயர் இல்லை. மூன்று மகள்களின் பெயரும் இருக்கிறது. சகோதரர்களோடு அவர்களுக்கும் யோபு சொத்தில் பங்கு கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் இழந்து திரும்பப் பெற்ற ஒரு தகப்பன் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று. நம் நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கட்டிக்கொடுத்தபோதே நகை போட்டாயிற்று, இனி அவளுக்கு என்ன என்ற பேச்சு சட்டத்திலும் நிற்காது, யோபுவிடமும் நிற்காது.

பெண் கல்விக்காக மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869-இல் 'பெண்மதி மாலை' எழுதினார். நீதிமன்ற முன்சீப்பாக இருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத் தலைவர், பெண்களைப் படிக்க வைக்கச் சொல்லி எழுதி ஒன்றரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 2025 மார்ச்சில் நம் அஞ்செட்டி மலைப்பகுதியில் 14 வயதுச் சிறுமிக்குக் கல்யாணம் முடித்து, வரமாட்டேன் என்று கதறியவளைத் தூக்கிக்கொண்டு போன காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அது வேறு யாரோ, நம் ஜனம் இப்படிச் செய்யாது என்று சொல்லித் தப்பிக்கவேண்டாம். 18 வயதுக்குமுன் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆலயத்தில் ஓலை வாசிக்குமுன் ஞானஸ்நான ஏட்டைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். பார்க்காமல் வாசிக்கும் குருவானவரும் போதகரும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள். காதல், கீதல் என்று போய்விடுவாளோ என்ற பயத்தில் அவசரப்படும் அப்பா, மகளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி இருக்காது.

இப்போது இன்னொரு புதுநிலை. பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள், ஹாஸ்டலில் தங்குகிறார்கள். சில வீடுகளில் அப்பாவைவிட மகளின் சம்பளம் அதிகம். ஏ.டி.எம். கார்டை அப்பா வாங்கி வைத்துக்கொள்கிறார், மகள் செலவுக்குக் கெஞ்சுகிறாள். இது தகாது. முதல் சம்பளத்திலேயே அவள் பெயரில் சேமிப்புத் தொடங்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவளே சொல்லட்டும். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, லைனில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா, இரவு பஸ் வீட்டருகே நிற்கிறதா என்று கேட்பதுதான் அப்பாவின் கேள்வி.

மகனிடமும் மகளிடமும் ஒன்று போலச் சொல்லி வைக்கவேண்டியது இது: உன்னை யார் தொட்டாலும், யார் மிரட்டினாலும், என்னிடம் சொல், நான் உன்னைத் திட்டமாட்டேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், என்.சி.சி. என்று பெயர் வைத்து நடந்த போலி முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமை எல்லாருக்கும் தெரியும். வாத்தியார், பயிற்சியாளர், உறவுக்காரர் மட்டுமில்லை, பாஸ்டரைப் பற்றியோ பங்குத்தந்தையைப் பற்றியோ பிள்ளை சொன்னாலும் முதலில் பிள்ளையை நம்புங்கள். சபையின் பெயரைக் காப்பாற்றுவது ஆண்டவர் பார்த்துக்கொள்வார். குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது, அதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

குடி, போன், பக்கத்து வீட்டுப் பையன்

குடியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எல்லைக்கு அந்தப்புறம் கர்நாடகப் பாக்கெட், இந்தப்புறம் டாஸ்மாக். வாசனை வரும் வாயோடு ஜெபம் பண்ணாதீர்கள், பிள்ளை அந்த ஜெபத்தையும் சேர்த்து வெறுக்கும். விட நினைத்தும் முடியவில்லை என்றால் அது நோய். ஆலயத்தில் மட்டுமே கையைத் தூக்கிக்கொண்டிராமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446.

போனைப் பிள்ளையிடமிருந்து பிடுங்குமுன் உங்கள் போனை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். சாப்பிடும்போது இரண்டு போனும் அலமாரியில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கைச் சொல்லிப் பிள்ளையைக் குத்தாதீர்கள். ஒரு மகனுக்கு மட்டும் அலங்கார அங்கி தைத்துக் கொடுத்த யாக்கோபின் வீட்டில் என்ன நடந்தது என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். நீங்கள் பர்மனென்ட் ஆகாத ஏக்கத்தை மகன் தலையில் இறக்கி, இன்ஜினியரிங்தான் படிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவேண்டாம். கையில் தொழில் உள்ள ஐ.டி.ஐ. பையனுக்கு ஓசூரில் வேலை இருக்கிறது. விருப்பமில்லாமல் படித்து அரியர் வைத்திருக்கும் இன்ஜினியரும் அதே ஓசூரில் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

குருக்களுக்கும் போதகர்களுக்கும்

தாய்மாருக்குச் சங்கம் இருக்கிறது, இளைஞருக்குக் கூடுகை இருக்கிறது, சிறுவருக்கு மறைக்கல்வியும் ஞாயிறு பள்ளியும் இருக்கின்றன. அப்பாக்களை எப்போது கூப்பிடுகிறோம்? திருவிழாவுக்குப் பந்தல் போடவும், கட்டட நிதி வசூலிக்கவும். இந்த அத்தியாயத்தை உங்கள் பங்கிலோ சபையிலோ அப்பாக்களோடு சேர்ந்து வாசியுங்கள். மாதத்தில் இரண்டு முறை, ஒரே பாடத்தை, ஒருநாள் காலையும் இன்னொரு நாள் மாலையும் வையுங்கள். எந்த ஷிப்ட் வாரமாக இருந்தாலும் ஒவ்வொருவரும் ஒன்றுக்காவது வர முடியும். முக்கால் மணி நேரத்துக்குமேல் பிடித்து வைக்காதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர்களை அவர்கள் அப்பாக்களோடு நடந்தே வீட்டுக்கு அனுப்புங்கள்.